மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்: சென்சரி தெரபியை எப்படித் தேடுவது?

திண்டுக்கல்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது. பையனுக்கு நாலரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாக வருகிறது, அதற்குத் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறோம். நான் கேட்க வந்தது வேறு.

மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறான். அதற்காகவே அவன் எழுவதற்கு முன்னால், ஐந்து மணிக்குப் பின்கட்டில் மிக்ஸியை வைத்துச் சட்னி அரைக்கிறேன். ஆனால் அவனே எவர்சில்வர் தட்டைத் தரையில் அரை மணி நேரம் அடித்து ரசிப்பான்! முடிவெட்டப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. குதிகால் தரையில் படாமல் நடக்கிறான். கட்டிலிலிருந்து ஓயாமல் குதிக்கிறான். தயிர்சாதம் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை, அதிலும் கடுகு ஒன்று தட்டுப்பட்டால் மொத்தமும் வெளியே வந்துவிடும்.

டாக்டர் சீட்டில் "ஓ.டி., சென்சரி இன்டகிரேஷன்" என்று எழுதிக் கொடுத்தார். ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவதாம்; சென்சரி என்றால் புலன் சம்பந்தப்பட்டதாம். ஆனால் ஓ.டி. என்றதும் மாமியார் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார். அது தனிக்கதை.

மதுரையில் ஒரு மையத்துக்குப் போய்ப் பார்த்தோம், பெயர் வேண்டாம். சுவரெல்லாம் படம், பந்துத் தொட்டி, ஊஞ்சல், கலர் லைட். மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டுமாம், பெற்றோர் உள்ளே வரக் கூடாதாம். என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "சென்சரி எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். வாரம் மூன்று நாள், பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. வீட்டுக்காரருக்கு மில் வேலை. நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாமா?

இரட்டையர்_அப்பா

நகையைத் தொடாதீர்கள் சகோதரி. நாங்கள் தொட்டோம். ஆறு மாதம் போனோம். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்ததுதான் மிச்சம். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊஞ்சல் நன்றாக ஆடுகிறான் என்றார்கள். வீட்டிலும் நன்றாகத்தான் ஆடினான்.

ஓடி_செவ்வந்தி

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பதினொரு ஆண்டாகக் குழந்தைகளோடு வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: உங்கள் பையனுக்குச் சில புலன்களில் வேண்டியதற்கு மேல் வந்து கொட்டுகிறது, சிலவற்றில் போதவில்லை. பள்ளியில் ஐம்புலன் என்று படித்தோம். அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்காதில் இருக்கிற சமநிலை உணர்வு ஒன்று. தசையும் மூட்டும் "உன் கை இங்கே இருக்கிறது, கால் இவ்வளவு அழுத்துகிறது" என்று மூளைக்குச் சொல்கிற உணர்வு இன்னொன்று. கட்டிலிலிருந்து குதிக்கிற பிள்ளை பல நேரம் இந்த இரண்டாவதைத் தேடித்தான் குதிக்கிறது. சேட்டை இல்லை, பசி மாதிரி. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், குதிகால் விஷயத்தைக் குழந்தை மருத்துவரும் ஒருமுறை காலைத் தொட்டுப் பார்க்கட்டும்.

இதையெல்லாம் "சென்சரி இன்டகிரேஷன்", அதாவது புலன் ஒருங்கிணைப்பு, என்ற கொள்கையாக வகுத்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் அயர்ஸ். அவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். 1972இல் புத்தகமாகவே எழுதினார். ஆட்டிசத்தைக் கண்டறியும் அமெரிக்கக் கையேட்டில் புலன் சிக்கல் ஓர் அடையாளமாக இடம்பிடித்தது 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். அதற்கு முன்னால் உங்களைப் போன்ற அம்மாக்கள் சொன்னதை "பிடிவாதம்" என்று எழுதி வைத்தவர்கள் நிறைய.

இப்போது மையத்துக்கு வருகிறேன். பந்துத் தொட்டியில் இறக்கிவிடுவதும் ஊஞ்சலில் வைத்து ஆட்டுவதும் சென்சரி இன்டகிரேஷன் ஆகிவிடாது. முறையான தெரபியில் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்காது. எதை ஆடுவது என்று அதுவும் சேர்ந்து தேர்வு செய்யும். கொஞ்சம் முயன்றால் முடிகிற அளவுக்குத்தான் தெரபிஸ்ட் சவாலை ஏற்றுவார். முதலில் மதிப்பீடு செய்து எழுத்தில் தருவார். நான் பெற்றோரிடம் எப்போதும் சொல்வது இதுதான்: "என்ன செய்வீர்கள்" என்று கேட்காதீர்கள், "மூன்று மாதத்தில் என் பிள்ளை வீட்டில் எதைச் செய்வான், அதை எப்படி அளப்பீர்கள்" என்று கேளுங்கள். பதில் "சென்சரி சரியாகும்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். "முடிவெட்ட ஐந்து நிமிடம் உட்காருவான்" என்பது இலக்கு. "சரியாகும்" என்பது இலக்கு இல்லை.

படிப்பையும் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பி.ஓ.டி. என்பது ஆக்குபேஷனல் தெரபிக்கான பட்டப்படிப்பு, நான்கு ஆண்டுக்கு மேல் படிக்க வேண்டும். வார இறுதிப் பயிற்சி முடித்துச் சான்றிதழை மாட்டி வைத்திருப்பவர்களும் "ஓ.டி. டாக்டர்" என்று போர்டு வைக்கிறார்கள். பெற்றோரை உள்ளே விடாத இடத்துக்கு என் சொந்தக்காரக் குழந்தையை அனுப்ப மாட்டேன். முதல் ஒன்றிரண்டு நாள் வெளியே இருங்கள் என்று காரணம் சொல்லிக் கேட்டால் சரி. என்றைக்குமே வரக் கூடாது என்றால் சரியில்லை.

கணக்கு_வாத்தியார்

செவ்வந்தி மேடம் சொன்னதில் பாதிக்கு என் கையெழுத்தும் உண்டு. மீதிப் பாதியை யாராவது சொல்ல வேண்டுமே, நானே சொல்கிறேன்.

இந்தத் தெரபிக்கு ஆதாரம் மெலிவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012லேயே சொல்லிவிட்டது: மற்ற சிகிச்சைகளோடு ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆய்வுகள் குறைவு என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று. பிரிட்டனில் 138 ஆட்டிசக் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு சென்சரி இன்டகிரேஷன், இன்னொன்றுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எரிச்சல், கொந்தளிப்பு எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நகையை அடகு வைக்கிறவருக்கு இந்தத் தகவல் தெரிய வேண்டாமா? என் மகளுக்கு இரண்டு வருடம் செலவழித்த பிறகுதான் நானே படித்தேன். யார் மேலும் கோபம் இல்லை, என் மேலேயே.

ஓடி_செவ்வந்தி

சார், அந்த ஆய்வை நானும் படித்தேன், மறைக்கப் போவதில்லை. அதே ஆய்வில் பெற்றோர் தாங்களே குறித்துக் கொடுத்த இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்ததாகவும் இருக்கிறது. தெரபி போகிறோம் என்று தெரிந்த பெற்றோரே மதிப்பெண் போட்டது அது, அதனால் நானும் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அமெரிக்காவில் 2014இல் 32 குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்விலும் பத்து வாரம், முப்பது அமர்வு முடிந்தபோது தனித்தனி இலக்குகளில் நல்ல மாற்றம் வந்தது. ஆக, "ஆட்டிசம் குறையும், நடத்தை மாறும்" என்று விற்றால் பொய். "சட்டை போட, பல் தேய்க்க, முடிவெட்ட உதவலாம், பத்துப் பன்னிரண்டு வாரம் பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் நிறுத்துவோம்" என்பது நியாயம். நான் நிறுத்திய குழந்தைகளும் உண்டு.

கணக்கு_வாத்தியார்

"நிறுத்துவோம்" என்று சொல்கிற தெரபிஸ்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வாயடைத்துவிட்டேன்.

மூலிகை_நேசன்

எதற்கு இவ்வளவு சிரமம்? எங்கள் லேகியம் தொண்ணூறே நாளில்

[விளம்பரமும் தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டன. இது மூன்றாவது தடவை, கணக்கும் முடக்கப்பட்டது. மட்டுறுத்துநர்]

கொடைரோட்டுப்_பாட்டி

திண்டுக்கல் தாயி, நான் உன் பக்கத்து ஊர்தான். பேத்திக்கு இப்போது பத்து வயது, அவளுக்கும் இதேதான். நான் சொல்லச் சொல்லப் பேரன் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டு.

எங்களுக்கு வாரம் ஒரு நாள்தான் மதுரை போக முடிந்தது. அந்த ஓ.டி. பொண்ணு மகராசி, என்னையும் கூடவே பாயில் உட்கார வைத்தாள். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். கிரைண்டர், அண்டா, அரிசி மூட்டை, பழைய சேலை என்று சொன்னேன். "போதும் பாட்டி, இதுவே பெரிய சென்டர்" என்றாள்.

காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்னால் அரைக் குடம் தண்ணீர் தூக்கி செடிக்கு ஊற்றுவாள். சப்பாத்தி மாவை அவள்தான் பிசைவாள். முதலில் விரல் நுனியால் தொட்டுவிட்டு ஓடிப்போய்க் கழுவினாள். சரி என்று கரண்டியைக் கொடுத்தேன். கரண்டியிலிருந்து கைக்கு வர நாலு மாதம். ஈரமாவைத் திணித்திருந்தால் இன்றைக்கும் தொட்டிருக்க மாட்டாள். அரிசிப் பானைக்குள் புளியங்கொட்டையை ஒளித்து வைத்துத் தேடச் சொல்வேன். சாயங்காலம் சேலைத் தூளி. கொக்கியைக் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கான்கிரீட்டில் அடித்தோம், கீழே மெத்தை. ஒன்று மட்டும் அந்தப் பொண்ணு கண்டிப்பாகச் சொன்னாள்: வலிப்பு வருகிற பிள்ளையாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சுற்றி ஆட்டக் கூடாது.

முடிவெட்டுக்கு நான் செய்த வேலை வேறு. மிஷினை மறந்துவிட்டுக் கத்தரிக்கோல். வீட்டுத் திண்ணை. தலையை நனைக்காமல். முதல் நாள் பத்து முடி. அவ்வளவுதான்.

சத்தம்_வேண்டாம்

எனக்கு 27 வயது, ஆட்டிசம் என்று தெரிய வந்தது 23இல். உங்கள் பையன் தட்டை அடிப்பது முரண்பாடு போலத் தோன்றுகிறது உங்களுக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டின் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் கை அவனுடையது. மிக்ஸி அப்படி இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வரும்.

சின்ன வயதில் என்னைப் பழக்குவதாகச் சொல்லிக் கல்யாண மண்டபத்தில் தவில்காரருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். பழகவில்லை. அழக் கூடாது என்பதை மட்டும் பழகிக்கொண்டேன். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே யாராவது "மிக்ஸி பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், சரியாகிவிடும்" என்று எழுதும் முன்னால் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

எனக்கு உதவுவது காதுக்கவசம். டிரில்லிங் வேலை செய்கிறவர்கள் போடுவார்களே, அதேதான். நாள் முழுக்கப் போட்டுக்கொள்வதில்லை, பழகிவிட்டால் சின்னச் சத்தமும் பெரிதாகிவிடுகிறது. தீபாவளி, பஸ் ஸ்டாண்டு, கிரைண்டர், அவ்வளவுதான். சட்டைக் காலரில் உள்ள லேபிளைத் தையலோடு பிரித்து எடுத்துவிடுவேன். கத்தரித்தால் மிச்ச விளிம்பு இன்னும் மோசமாகக் குத்தும்.

திருச்சி_மோகனா

காசு, பயணம் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நான் எழுதுகிறேன். தனியார் மையத்துக்கு ஓடுவதற்கு முன்னால் உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே பாருங்கள்.

பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதித்து உதவுகிற மத்தியத் திட்டம் ஒன்று 2013இல் வந்தது. அதன்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது தலைமை மருத்துவமனை வளாகத்தில். வெளிநோயாளிச் சீட்டு வாங்கிவிட்டு "டி.இ.ஐ.சி. எங்கே" என்று கேளுங்கள், "இடையீட்டு மையம்" என்றால் காவலாளிக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் ஓ.டி. பணியிடம் நிரம்பியிருக்காது, எந்தக் கிழமை இருப்பார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன முதல் நாள் கேட்காமல் போய்ப் பிள்ளையோடு இரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்பினேன்.

பள்ளிக்கூட வயது வந்ததும் வட்டார வள மையம். சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே வாங்குங்கள். 2016 சட்டத்தில் சேர்த்த 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. சொந்தக்காரர்கள் "அட்டை வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள்" என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் இதே பேச்சு. அந்த ஒரு வருடக் காசு எங்கள் கையை விட்டுத்தான் போனது. சான்றிதழ் வந்தால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை. அதற்குள் தெரபிக்கென்று தனி உச்சவரம்பு உண்டு, ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். சம்பளத்தில் வரி பிடிக்கிறவர்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வரிக்கழிவு கிடைக்குமா என்றும் கணக்கு எழுதுகிறவரிடம் கேளுங்கள்.

ஒரு தடவை சென்னைப் பக்கம் போக முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனம் இருக்கிறது, 2005இலிருந்து. வேலூர் சி.எம்.சி.யிலும் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. வாரா வாரம் போக வேண்டியதில்லை. ஒருமுறை முழு மதிப்பீடு செய்து வீட்டில் என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொண்டால் அதை வைத்து உள்ளூரில் ஓட்டலாம்.

திண்டுக்கல்_அம்மா

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. பாட்டிக்குத் தனியாக. தவில் விஷயத்தை இவரிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். போன வாரம் மிக்ஸி பக்கத்தில் அவனைப் பிடித்து நிறுத்தியது அவர்தான்.

செவ்வந்தி மேடம், இன்னும் இரண்டு சந்தேகம். எடை வைத்துத் தைத்த போர்வை ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன், விலை எக்கச்சக்கம். அதைப் போர்த்தினால் தூங்குவான் என்கிறார்கள். இன்னொன்று, பிரஷ்ஷால் கை காலைத் தேய்த்துவிடச் சொல்கிறார் ஒரு தோழி.

ஓடி_செவ்வந்தி

போர்வையை 67 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து 2014இல் எழுதியிருக்கிறார்கள். தூக்கம் கூடவில்லை. ஆனால் சாதாரணப் போர்வையைவிட இதுதான் பிடிக்கிறது என்று குழந்தைகளும் பெற்றோரும் சொன்னார்கள்! பிடித்தால் போர்த்தலாம், தூக்கத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். அவனாகவே தள்ளிவிட முடிகிற எடையாக இருக்க வேண்டும், முகத்தை மூடக் கூடாது. பிரஷ் முறைக்குப் பலமான ஆதாரம் கிடையாது. தெரபிஸ்ட் கூட இருந்து காட்டாமல் வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

கேட்க மறந்துவிட்டேன். தயிர்சாதம் மட்டும் என்பது எப்போதிலிருந்து? பிறந்ததிலிருந்தே என்றால் வேறு கதை. முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தால் பல், தொண்டை, மலச்சிக்கல் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சென்சரி என்று சொல்ல வேண்டும். காது கேட்கும் பரிசோதனையும் செய்தாயிற்றா? பேச முடியாத பிள்ளைக்கு வலி வந்தாலும் நாம் "சென்சரி" என்றே எழுதிவிடுகிறோம். எங்கள் ஆட்களும் செய்கிற தப்பு இது.

மண்_தின்னி_அம்மா

இடையில் ஒரு வார்த்தை. என் மகள் மண், சுண்ணாம்பு தின்றாள். சென்சரி என்றே ஒரு வருடம் ஓட்டினோம். கடைசியில் ரத்தத்தில் இரும்புச்சத்து அடிமட்டம். மருந்து கொடுத்ததும் முக்கால்வாசி நின்றுவிட்டது. மீதிக் கால்வாசி சென்சரியாக இருக்கலாம், பெயரை மட்டும் மாற்றப் போவதில்லை.

திண்டுக்கல்_அம்மா

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மதுரை மையத்தில் சேர்க்கவில்லை.

மாவட்ட மருத்துவமனைக்குப் போனோம், கிழமை கேட்டுவிட்டுத்தான். பழைய கட்டடம், ஒரே ஊஞ்சல், அதிலும் ஒரு கயிற்றில் முடிச்சு. ஓ.டி. தம்பி மேஜையை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். பையன் அவருடைய சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினான், அவர் கேட்டு வாங்கவே இல்லை. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "ஒரு காரியம் மட்டும் சுலபமானால் எது ஆக வேண்டும் அக்கா?" என்று கேட்டார். யோசிக்காமல் சொன்னேன்: "ஆறு மணி வரைக்கும் தூங்கணும். அவனில்லை, நான்." சிரித்துவிட்டு அதையே இலக்கு என்று நோட்டில் எழுதினார்.

முதல் வாரம் மிக்ஸியைச் செருகாமல் தரையில் வைத்தோம். மூடி போடுவது, எடுப்பது அவன் வேலை. அடுத்த வாரம் நான் ஜாரைப் பிடித்துக்கொள்ள, அவன் வாசற்படியில் நின்று கையை உயர்த்தினால் ஒரு நொடி ஓட்டுவேன், இறக்கினால் நிறுத்துவேன். சத்தம்_வேண்டாம் தம்பி சொன்ன "கை அவனுடையது" என்பதை நானே ஓ.டி. தம்பியிடம் சொன்னேன். நேற்று ஆறு தடவை கையைத் தூக்கினான். சட்னி அரைபடவில்லை, தேங்காய் திப்பி திப்பியாக நின்றது, அப்படியே சாப்பிட்டோம். இன்று காலை பழையபடி மாடிக்கு ஓடினான். சரி.

பல்லையும் காட்டினோம். கடைவாயில் இரண்டு சொத்தை, ஒன்று ஆழம். எட்டு மாதமாகத்தான் தயிர்சாதத்தோடு நின்றுவிட்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் சிகிச்சை அடுத்த வாரம்.

முடி இன்னும் வெட்டவில்லை, கண்ணை மறைக்கிறது. பாட்டி, அந்தப் பத்து முடியை வெட்டும்போது பேத்தி கையில் என்ன கொடுத்தீர்கள்? சத்தம்_வேண்டாம் தம்பி, காதுக்கவசம் சின்னப் பிள்ளை அளவில் கிடைக்குமா? இவர் ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்தது தலையில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது.

கொடைரோட்டுப்_பாட்டி

ஒரு கிண்ணம் பச்சரிசி, தாயி. அதற்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சத்தம்_வேண்டாம்

கிடைக்கும் அக்கா. "குழந்தைகளுக்கான இயர் மஃப்" என்று தேடுங்கள், தலைப்பட்டை சுருக்கிக்கொள்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். கையில் வந்ததும் உடனே மாட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் சும்மா அவன் விளையாடுகிற இடத்தில் கிடக்கட்டும்.